ஈயச் சுவருக்குள் எட்டிப் பார்க்கும் நியூத்திரன் படம்

மூடிய பொருளொன்றின் உள்ளே இருப்பதை அதனை உடையாமலே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவல் மனிதனுக்குப் புதியதன்று. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து முற்றியதா என்று சொல்லும் கமக்காரனும், தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கும் இல்லத்தரசியும், குடத்தைச் சுண்டி ஓசையால் விரிசலை அறியும் குயவனும் அந்த ஆவலின் வழி நடப்பவர்களே. 1895ஆம் ஆண்டில் ஜேர்மனியில் விலெம் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது இந்த ஆவல் ஒரு புதிய கண்ணைப் பெற்றது. உடைந்த எலும்பையும், குழந்தை விழுங்கிய காசையும் அந்தக் கண் நமக்குக் காட்டித் தந்தது.

ஆயினும் எக்ஸ் கதிருக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. கனமான உலோகங்கள் அதனை மறித்துவிடுகின்றன. ஈயப் பெட்டிக்குள் ஒரு பூவை வைத்து எக்ஸ் கதிரால் படம் பிடித்தால், பெட்டி கறுப்பாகத் தெரியும், பூவோ தெரியாது. அதே பெட்டியை நியூத்திரன்களைக் கொண்டு படம் பிடித்தால் ஈயம் கண்ணாடிபோல் மங்கிப்போக, உள்ளேயுள்ள பூவின் இதழும் காம்பும் தெளிவாகத் தோன்றும். இது மாயமன்று, பௌதிக விதிகளின் நேரான விளைவே ஆகும். அந்த நியூத்திரன்களைப் பெறுவதற்குப் பேரளவான அணு உலை வேண்டுமா, அன்றி ஒரு மேசையின்மேல் அமையக்கூடிய மின்பொறி போதுமா என்பதே இன்று பல நாட்டு விஞ்ஞானிகளை ஈர்த்துள்ள கேள்வி. அதனை நாம் இங்கு ஆராய்வோம்.

இரு வகைக் கண்கள்

எக்ஸ் கதிர் அணுவின் புறத்தே சுழலும் இலத்திரன்களோடு உறவாடுவது. எந்த மூலகத்தில் இலத்திரன்கள் மிகுதியோ அம்மூலகம் எக்ஸ் கதிரை மிகுதியாக மறிக்கும். ஆகவே ஈயம் பெருந்தடை. ஐதரசன் தடையே அன்று.

1932ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சட்விக் கண்டறிந்த நியூத்திரனோ மின்னேற்றம் அற்றது. இலத்திரன்களை அது பொருட்படுத்துவதில்லை. அணுவின் நடுவேயுள்ள கருவோடு மோதும்போது மாத்திரமே அதன் போக்கு மாறும். இம்மோதல் மூலகத்தின் கனத்தைப் பொறுத்ததன்று. கருவின் தனிக்குணத்தைப் பொறுத்தது. ஐதரசன், போரன், இலிதியம், கட்மியம், கடோலினியம் ஆகியவை வேகம் தணிந்த நியூத்திரன்களுக்குப் பெருந்தடைகள். ஈயமும் அலுமினியமும் எளிய தடைகள். எக்ஸ் கதிர் எதைக் காணாதோ அதையே நியூத்திரன் காணுகின்றது எனலாம். நீர், எண்ணெய், இறப்பர், பசை, வெடிமருந்து, மரம், வேர் ஆகிய ஐதரசன் நிறைந்த பொருள்கள் யாவும் உலோகத்தின் உள்ளே மறைந்திருந்தாலும் நியூத்திரன் படத்தில் வெளிப்பட்டுவிடும்.

இதன் பயன் சிறிதன்று. விமான எஞ்சினில் சுழலும் அலகுகளின் உள்ளே குளிர்காற்று செல்வதற்கான நுண்ணிய துளைவழிகள் உண்டு. வார்ப்பின்போது பயன்படுத்திய பீங்கான் அச்சின் துண்டு ஒன்று அத்துளையில் தங்கிவிட்டால் அலகு சூடேறிச் சிதையும். வானத்தில் பறப்போரின் உயிர் ஆபத்துக்குள்ளாகும். அத்தகைய துண்டுகளை நியூத்திரன் படத்தில் காண்கிறார்கள். விண்கலங்களில் பொருத்தப்படும் சிறு வெடிகருவிகளுள் மருந்து இடைவெளியின்றி நிரம்பியுள்ளதா என்பதையும், விமானத்தின் அலுமினியத் தகடுகளுக்கிடையே ஈரமும் துருவும் புகுந்துள்ளனவா என்பதையும் இவ்வாறே சோதிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வில்லிகனிலுள்ள போல் ஷெரர் நிலையத்தில் பழைய பௌத்த வெண்கலப் படிமங்களை இவ்வகையிற் படம் பிடித்து, பிரதிஷ்டையின்போது அவற்றின் உள்ளே வைக்கப்பட்ட பொருள்களைப் படிமத்தைத் திறவாமலே கண்டார்கள்.

நியூத்திரனுக்கு எங்கே போவது?

பயன் இத்துணை இருந்தும் எக்ஸ் கதிர்ப் பொறிபோல ஊர்தோறும் நியூத்திரன் பொறி இல்லாதது ஏன்? நியூத்திரன்களைப் பெறுவது எளிதன்று என்பதே விடை. 1930களின் பிற்பகுதியில் பேர்லினில் கால்மன், கூன் என்னும் இருவர் முதன்முதலாக நியூத்திரன் படங்களை எடுக்க முயன்றனர். அவர்களிடமிருந்த ஊற்று வலுவற்றது. எனவே படங்களும் மங்கலாயின. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் அணு உலையொன்றின் நியூத்திரன்களைக் கொண்டு தியூலிஸ் எடுத்த படங்களே இக்கலையின் உண்மையான ஆற்றலை உலகுக்குக் காட்டின. அன்று முதல் நியூத்திரன் படம் பெரும்பாலும் அணு உலையின் நிழலிலேயே வளர்ந்தது.

அணு உலை அமைப்பது பெருஞ்செலவு பிடிப்பது. அமைத்த நாடுகளிலும் பழைய உலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் பேர்லினிலும், பிரான்சின் சக்லேயிலும் ஆராய்ச்சி உலைகள் நிறுத்தப்பட்டன. மற்றொரு வழி, கலிபோர்ணியம் 252 போன்ற கதிர்வீசும் பொருளைப் பயன்படுத்துவதாகும். ஆனால் அது இரவும் பகலும் ஓயாது கதிர்வீசிக்கொண்டே இருக்கும். அதனை அணைத்து வைக்க இயலாது. இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் அதன் வலு பாதியாகவும் குறைந்துவிடும்.

வேண்டும்போது ஒளிர்ந்து, வேண்டாதபோது விளக்கைப்போல அணைந்துகிடக்கும் நியூத்திரன் ஊற்று கிடைக்குமானால் எவ்வளவு நன்று! அத்தகைய ஊற்றுகளுள் ஒன்றின் கதையைத் தொடங்க, நாம் 1905ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியாவுக்குச் செல்ல வேண்டும்.

நசுங்கிய செப்புக் குழாய்

நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலுள்ள ஹார்ட்லி வேல் என்னுமிடத்தில் மண்ணெண்ணெய்த் தொழிற்சாலையொன்று இருந்தது. அங்கு இடிதாங்கியாக நிறுத்தப்பட்டிருந்த செப்புக் குழாய்மீது மின்னல் பாய்ந்தது. பாய்ந்த பின்னர் பார்த்தால், வெறுங்குழாய் யாரோ பெருங்கையால் பிழிந்ததுபோல நசுங்கியிருந்தது. சிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த பொல்லொக், பரக்ளோ என்னும் இருவர் அதனை ஆராய்ந்து, குழாயை நசுக்கியது மின்னோட்டமே என்று விளக்கினர்.

இதனை மாணவர்கள் எளிதில் உணர்ந்துகொள்ளலாம். ஒரே திசையில் மின்னோடும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதை அம்பியர் 1820ஆம் ஆண்டிலேயே காட்டினார். குழாயின் சுவர் முழுவதையும் ஒரே திசையில் மின்னோடும் பல கம்பிகளின் தொகுதியாகக் கருதுங்கள். யாவும் ஒன்றையொன்று இழுக்க, குழாய் நடுவை நோக்கி நெரிகின்றது. குழாயின் இடத்தில் மின்னோடும் வாயுவை வைத்தால், அவ்வாயு தன் மின்னோட்டத்தாலேயே நெரிந்து, அடர்ந்து, சூடேறும். அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து மின்னைக் கடத்தும் நிலையிலுள்ள இத்தகைய வாயுவையே பிளாஸ்மா என்கிறோம்.

பெருங்கனவும் ஏமாற்றமும்

பார ஐதரசன் எனப்படும் தியூட்டிரியத்தின் இரு கருக்கள் போதிய வேகத்தோடு மோதினால் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அவ்விணைவில் ஏறத்தாழப் பாதித் தடவை ஈலியமும் ஒரு நியூத்திரனும் பிறக்கும். மற்றைப் பாதியில் திரித்தியமும் ஒரு புரோத்தனும் பிறக்கும். சூரியனில் நிகழும் இணைவுக்கு ஒருவகையில் உறவுடையது இது. மின்னோட்டத்தால் வாயுவை நெரித்து, சூரிய வெப்பத்தை உண்டாக்கி, முடிவற்ற மின்சாரத்தைப் பெற்றுவிடலாம் என்று 1950களில் வல்லரசுகள் கனவு கண்டன.

1956 ஏப்பிரலில் சோவியத் விஞ்ஞானி இகோர் குர்ச்சத்தோவ் ஹார்வெல்லுக்கு வந்து உரையாற்றினார். அதுவரை இரகசியமாக இருந்த சோதனைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, நெரிந்த பிளாஸ்மாவிலிருந்து நியூத்திரன்கள் வருகின்றன, ஆனால் அவற்றைக் கண்டு இணைவு கைகூடிற்று என்று மயங்கிவிடலாகாது என எச்சரித்தார். எச்சரிக்கை வீண்போயிற்று. 1958 ஜனவரியில் ஹார்வெல்லின் சீற்றா என்னும் பெரும் பொறி நியூத்திரன்களைத் தந்தபோது, சேர் ஜோன் கொக்ரொப்ட் அவை மெய்யான வெப்ப இணைவால் பிறந்தவை என்பதில் தமக்குத் தொண்ணூறு வீத உறுதி உண்டு என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களில் உண்மை வெளிப்பட்டது. பிளாஸ்மா குலைந்து நெளியும்போது சில கருக்கள் மாத்திரம் வேகமாக உந்தப்பட்டு, மற்றவற்றோடு மோதியதால் வந்த நியூத்திரன்களே அவை. எரியும் அடுப்பென்று எண்ணியது, சிதறிய தீப்பொறியாக முடிந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆனால் அந்தக் குரங்கு அனுமனைப்போலத் தூது செல்லவும் வல்லதாயிற்று. மின்சாரம் பெறுவதற்குப் பயன்படாத நியூத்திரன் படம் எடுப்பதற்குப் பயன்படாதா? அது எவ்வழியாற் பிறந்தது என்பது படம் எடுப்பவனுக்கு ஒரு குறையன்று.

பொறியின் அமைப்பு

1960களின் முற்பகுதியில் மொஸ்கோவில் நிக்கொலாய் பிலிப்போவும், அமெரிக்காவின் லொஸ் அலமோசில் ஜோசப் மாதரும் தனித்தனியே ஒரே வகைப் பொறியை அடைந்தனர். அதற்குப் பிளாஸ்மாக் குவியம் என்று பெயர். சூரிய ஒளியை வில்லை ஒரு புள்ளியிற் குவிப்பதுபோல, இது மின்னாற்றலைச் சிறு புள்ளியிற் குவிப்பதால் அப்பெயர் பொருந்தும்.

மாதர் அமைத்த வகையை விவரிப்போம். நடுவே ஒரு செப்புத் தண்டு. அதனைச் சுற்றி உருளை வடிவில் நிறுத்திய கம்பிகள். அடியில் இரண்டையும் பிரிக்கும் கண்ணாடிக் குழாய். இவை காற்று நீக்கிய கலத்தினுள் அமைந்திருக்கும். வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு அமுக்கத்தில் பார ஐதரசன் அதனுள் செலுத்தப்படும். வெளியே மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிகள் 15,000 வோல்ற் வரை ஏற்றப்பட்டுக் காத்திருக்கும்.

ஆளியை மூடியதும் கண்ணாடியின்மேல் மின் பாய்ந்து, பிளாஸ்மாத் தகடு ஒன்று உருவாகின்றது. அது தன் காந்த விசையாலேயே தள்ளப்பட்டு, செக்கனுக்கு 100 கிலோமீற்றர் அளவான வேகத்தில் தண்டின் நுனியை நோக்கி ஓடும். நுனியை அடைந்ததும் ஓட இடமின்றி நடுவை நோக்கிச் சரிந்து நெரியும். அந்த நெரிவில் ஒரு கோடிப் பாகை அளவான வெப்பம் பிறக்கும். நெரிந்த பிளாஸ்மாத் தம்பம் தீக்குச்சியில் மூன்றிலொரு துண்டளவே இருக்கும். அது நிலைப்பதோ செக்கனின் கோடியில் ஒரு பங்கு அளவான நேரமே. அதற்குள் அது குலைந்து சிதறும்போது நியூத்திரன் மழை பொழிந்துவிடும்.

இவ்வளவுக்கும் சிறிய பொறியொன்று சேமித்து வைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3,000 யூல் மாத்திரமே. 60 வாற்று மின்குமிழை ஒரு நிமிடம் எரிப்பதற்குக்கூட அது போதாது. ஆனால் அதே ஆற்றல் செக்கனின் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு நேரத்தில் வெளிப்படுவதால், அந்தக் கணத்தில் அதன் வலு நூறு கோடி வாற்று அளவாகின்றது. ஒன்றரை இலட்சம் அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் பாய்கின்றது. ஆற்றல் எவ்வளவு என்பதிலும் அது எவ்வளவு விரைவிற் செலவாகின்றது என்பதே இங்கு முக்கியம்.

கணப்பொழுதின் பயன்

இத்துடிப்பு மிகக் குறுகியது என்பதே இப்பொறியின் சிறப்பு. நியூத்திரன்கள் செக்கனின் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் பிறந்துவிடுகின்றன. செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்தில் விரையும் பொருள், ஒரு கோடியில் ஒரு பங்கு செக்கனில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தூரமே நகரும். ஆகவே அதிவிரைவாக நிகழும் மாற்றத்தையும் அசையாப் பொருள்போல நிறுத்திப் படம் பிடிக்கலாம். ஓயாது நியூத்திரன் சொரியும் உலையில் இது எளிதன்று.

இன்னொரு நன்மையும் உண்டு. பொறி வெடிக்கும்போது எக்ஸ் கதிரும் உடன் பிறக்கின்றது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோல, ஒளியின் வேகத்திற் செல்லும் எக்ஸ் கதிர் முந்திவிட, செக்கனுக்கு ஏறத்தாழ 21,600 கிலோமீற்றர் செல்லும் நியூத்திரன் பிந்தி வரும். பத்து மீற்றர் தொலைவில் திரையை வைத்தால், எக்ஸ் கதிர் 33 நானோசெக்கனிலும் நியூத்திரன் 460 நானோசெக்கனளவிலும் வந்து சேரும். நானோசெக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த இடைவெளியைக் கணித்துத் திரையின் கண்ணைத் திறந்தால், எக்ஸ் கதிரை விலக்கி நியூத்திரனை மாத்திரம் பதிவு செய்யலாம்.

இனிப் படத்தின் தெளிவு. அகன்ற சாளர வெளிச்சத்தில் கையின் நிழல் மங்கலாக விழுவதையும், குத்துவிளக்கின் சிறு சுடரில் அதே நிழல் கூர்மையாக விழுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஊற்று சிறிதாயின் நிழல் கூர்மையாகும். பிளாஸ்மாக் குவியத்தின் ஊற்று மிகச் சிறியதாதலால் அந்த வகையிலும் அது ஏற்றதாகின்றது.

கணக்கு சொல்லும் தடை

இவ்வளவு சிறப்பிருந்தும் இப்பொறி ஆஸ்பத்திரிக்கும் தொழிற்சாலைக்கும் பரவாதது ஏன் என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்கு விடை தரும். மேற்சொன்ன சிறிய பொறி ஒரு துடிப்பில் ஏறத்தாழப் பத்துக் கோடி நியூத்திரன்களைத் தரும். கேட்க மிகப் பெரிய தொகைதான். ஆனால் அவை எத்திசையிலும் சிதறிச் செல்கின்றன. ஒரு மீற்றர் தொலைவில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வந்து சேர்பவை ஏறத்தாழ 800 மாத்திரமே. நல்ல படத்துக்கு இது எவ்வாற்றானும் போதாது. துடிப்பைப் பல நூறு முறை, பல ஆயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழ்த்த வேண்டும். அன்றேல் பொறியைப் பெருக்க வேண்டும்.

நியூத்திரன்களைப் பரபின் மெழுகிலோ பொலித்தீனிலோ செலுத்தி வேகந்தணித்தால் ஐதரசன் தெளிவாகத் தெரியும் நல்ல படம் கிடைக்கும். போளையோடு போளை மோதினால் வேகம் பகிரப்படுவதுபோல, ஐதரசன் கருவோடு மோதும் நியூத்திரன் விரைவில் வேகம் இழக்கும். ஆனால் அவ்வாறு தணிக்கும்போது பெரும்பகுதி நியூத்திரன்கள் சிதறிப் போகின்றன. துடிப்பின் குறுமையும் கெட்டுவிடுகின்றது. வேகமான நியூத்திரன்களையே பயன்படுத்தினால் குறுமை நிலைக்கும், தடித்த பொருளையும் ஊடுருவலாம். ஆனால் பொருளுக்குப் பொருள் வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தோன்றாது. இரண்டில் எதை விரும்புவது என்பது நாம் எதைப் பார்க்க விழைகிறோம் என்பதைப் பொறுத்தது.

பொறியைப் பெருக்குவதில் ஒரு கவர்ச்சி உண்டு. நெரியும் மின்னோட்டம் இரு மடங்கானால் நியூத்திரன் தொகை ஏறத்தாழப் பதினாறு மடங்காகும். ஆயினும் கொள்ளளவிகளை மேன்மேலும் சேர்த்தபோது விளைவு அவ்விகிதத்தில் உயராமல் நின்றுவிடுவதைப் பலர் கண்டனர். குளத்தைப் பெருக்கினாலும் மதகின் வாய் அகலாவிடில் வாய்க்காலில் நீர் கூடாதன்றோ? அதுபோல, ஓடும் பிளாஸ்மாவே ஒரு தடையாக நின்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றது என்பதைப் பேராசிரியர் சிங் லீயும் அவருடன் ஆராய்ந்தோரும் 2008ஆம் ஆண்டளவில் விளக்கினர்.

சிறிய நாடுகளின் பங்கு

இந்தச் சிங் லீயின் பணியை நம் மாணவர்கள் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். மலாயா சர்வகலாசாலையிற் பணியாற்றிய அவர், 1985-86ஆம் ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் சர்வகலாசாலையின் ஆதரவில் கோலாலம்பூரில் ஒரு பயிற்சியை நடத்தினார். வளர்முக நாடுகளிலிருந்து வந்த இளம் விஞ்ஞானிகள் அங்கே தம் கையாலேயே பிளாஸ்மாக் குவியப் பொறிகளை அமைக்கப் பழகினர். அப்துஸ் சலாம் தோற்றுவித்த திரியஸ்ற் நகரின் பௌதிக நிலையமும் இதற்குத் துணைநின்றது. நாம் மேலே கணக்கிட்டுக் காட்டிய 3,000 யூல் பொறி இவ்வகையைச் சேர்ந்ததே. இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து, எகிப்து, சிம்பாப்வே முதலிய நாடுகளில் இப்பொறிகள் நிறுவப்பட்டன. அணு உலையைக் கனவிலும் காண இயலாத ஆய்வுகூடங்களில் கருக்கள் இணைவதையும் நியூத்திரன்கள் பிறப்பதையும் மாணவர்கள் நேரே அளந்தறிந்தனர். 1988ஆம் ஆண்டில் ஆசிய ஆபிரிக்க நாடுகளின் பிளாஸ்மாப் பயிற்சிச் சங்கமும் அமைந்தது. சிலி நாட்டில் லியோபோல்டோ சோட்டோவும் குழுவினரும் சில நூறு யூல் ஆற்றலிலேயே, மேசைமேல் அமையும் பொறியில், துடிப்பொன்றுக்குப் பத்து இலட்சம் அளவான நியூத்திரன்களைப் பெற்றனர்.

மறுமுனையில் பெரும் பொறிகள் நிற்கின்றன. போலந்தின் வார்சோவிலுள்ள பி.எப்.1000 பத்து இலட்சம் யூல் ஆற்றலுடையது. அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2018ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பொறி, நியூத்திரன் படம் எடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அதற்கு மியோல்னிர் என்று பெயர். வட ஐரோப்பியப் புராணத்தில் இடித்தேவனின் சம்மட்டியின் பெயர் அது. நம் புராணத்து இந்திரனின் வச்சிராயுதத்தை ஒத்தது. ஒரு துடிப்பில் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட நியூத்திரன்களை அது தந்துள்ளது. ஒரு மீற்றர் தொலைவில் 800 என்றிருந்த நம் கணக்கு இப்போது எட்டு இலட்சமாகின்றது. ஒரே துடிப்பிற் படம் என்னும் இலக்கு அண்மையில் வந்துவிட்டது எனலாம்.

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. லிவர்மோர் அணு ஆயுத ஆய்வுகூடமாகும். அணுகுண்டைச் சோதித்து வெடிக்காமலே ஆயுதப் பொருள்களின் இயல்பை அறிதல் அங்குள்ளோரின் நோக்கங்களுள் ஒன்று. குண்டு வெடிப்பதிலும் படம் எடுப்பது மேலானதே. ஆயினும் ஈயப் பெட்டிக்குள் பூவைக் காட்டும் கருவியே ஆயுதக் காவலனுக்கும் உதவுகின்றது என்பதை நாம் மறக்கலாகாது.

பாதுகாப்பைப் பற்றியும் சில சொற்கள். நியூத்திரன் ஐதரசனோடு வலிதாக மோதும் என்றோம். நம் உடலிற் பெரும்பகுதி நீராதலால், அது உடலுக்குத் தீங்கு விளைப்பது இயல்பே. ஈயச் சுவர் அதனைத் தடுக்காது. நீரும், மெழுகும், தடித்த கொங்கிறீற்றுச் சுவருமே தடுக்கும். ஏற்றிவைத்த கொள்ளளவியோ தொட்டவரைக் கொல்லவல்லது. எனவே பயிற்சி பெற்றோரின் மேற்பார்வையின்றி எவரும் அணுகத்தக்க பொறியன்று இது. எனினும் ஆளியைத் திறந்து, கொள்ளளவியை வெறுமையாக்கிவிட்டால் நியூத்திரன் ஊற்று அடங்கிவிடும். கலிபோர்ணியத்துக்கு இல்லாத நற்குணம் அது.

குறைந்த ஆற்றலில் நியூத்திரன்களைப் பெருக்குவது எப்படி, துடிப்புக்குத் துடிப்பு விளைவு மாறாமல் காப்பது எப்படி, மிகச் சில நியூத்திரன்களையும் தவறவிடாத திரையை அமைப்பது எப்படி என்னும் மூன்று கேள்விகளும் இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. கோலாலம்பூரின் பயிற்சிக்கூடத்திலும் சிலியின் சிறு மேசையிலும் இவற்றுக்கு விடை தேடியோர் செல்வநாட்டினர் அல்லர்; மின்னியலின் அடிப்படை விதிகளை நன்கு கற்றவர்களே. உயர்தர வகுப்பில் அம்பியரின் விதியைப் பரீட்சைக்காக மனனஞ்செய்யும் மாணவன், அதே விதி செப்புக் குழாயை நசுக்கியது, கருக்களை இணைத்தது, ஈயத்தின் உள்ளே பூவைக் காட்டியது என்பதையும் சேர்த்துக் கற்பானாயின், அந்தப் பாடம் பரீட்சை முடிந்த பின்னும் அவனுக்குத் துணைநிற்கும்.